கதிர்வீச்சுத் தொழிலாளர் நட்டஈடும் அதன் மேற்பார்வையும்

தீங்கிழைத்தவன் ஒருவன், தீங்குற்றவன் மற்றொருவன், இருவருக்கும் புறம்பாய் நின்று வழக்கைத் தீர்ப்பவன் மூன்றாமவன் என்பதே நீதிமுறையின் பொதுவமைப்பு. அரசாங்கமே வேலைகொள்வோனாகவும், அரசாங்கமே சான்றுகளைப் பேணுவோனாகவும், அரசாங்கமே இழப்பை அளந்து ஈடு கொடுப்போனாகவும் அமையுமாயின் அவ்வமைப்பு என்னாவது? இவ்வினா வெறுங் கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அணுவாயுதத் தொழிற்சாலைகளில் உழைத்து நோயுற்றோருக்கென ஏற்பட்ட நட்டஈட்டுத் திட்டத்தில் இவ்வினா இருபத்தைந்து ஆண்டுகளாக எழுந்தவண்ணம் இருக்கின்றது. அத்திட்டத்தை யார் எவ்வாறு கண்காணிக்கின்றனர் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1942ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க அரசாங்கம் அணுக்குண்டு செய்யும் பெருமுயற்சியில் இறங்கிற்று. யுரேனியத்தைத் தூய்மை செய்தல், அதனைச் செறிவாக்கல், புளுத்தோனியத்தைப் பிரித்தெடுத்தல், அவ்வுலோகங்களைக் கடைந்து உருவாக்கல் ஆகிய தொழில்கள் நாட்டின் பல மாநிலங்களிலும் பரந்து நடைபெற்றன. இவற்றில் உழைத்தோர் பல இலட்சம் பேர். தொழிற்சாலைகளை நடாத்தியோர் பெரும்பாலும் தனியார் நிறுவனத்தினர்; அவரை அமர்த்தியது அரசாங்கம். செய்யும் தொழில் யாதென மனைவிக்கும் உரைத்தல் கூடாதென்பது கட்டளை. தாம் கையாளும் பொருள் யாதென்பதைத் தொழிலாளரே அறியாதிருந்த இடங்களும் உள.

நோயுற்றவர் வழக்குத் தொடர்ந்தபோது நேர்ந்தது யாது? நிறுவனத்தார் எதிர்த்து வாதாடினர். அவ்வாதத்துக்கான செலவை அரசாங்கம் ஈடுசெய்தது. வேறெந்நாட்டுச் சட்டத்திலும் எளிதிற் காணற்கரிய ஒரு செய்தி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 2000ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்தின் தோற்றுவாயிலேயே, தொழிலாளர் தம் அறிவும் இசைவுமின்றி ஆபத்துக்குள்ளாக்கப்பட்டனர் என்பதும், அவர்தம் கோரிக்கைகளை வழக்காடி எதிர்த்தலே அரசாங்கத்தின் கொள்கையாயிருந்தது என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. குற்றவாளி தன் வாக்குமூலத்தைச் சட்டமாகவே இயற்றி வைத்தான் என்னலாம்.

அவ்வாக்குமூலம் தானாக வந்ததன்று. 1999 ஓகஸ்ட் மாதத்தில் வாசிங்ரன் போஸ்ற் என்னும் நாளிதழ், கென்ரக்கி மாநிலத்துப் பதூக்கா என்னுமிடத்திலிருந்த யுரேனியத் தொழிற்சாலையைப் பற்றிய உண்மைகளை வெளியிட்டது. அங்கு கொண்டுவரப்பட்ட யுரேனியத்தில் ஒரு பகுதி, உலைகளில் முன்னரே பயன்பட்டு மீட்கப்பட்டது; அதில் புளுத்தோனியமும் நெப்தூனியமும் கலந்திருந்தன; தொழிலாளருக்கு இது கூறப்படவில்லை. அடுத்த மாதமே சக்தித் திணைக்களச் செயலாளர் பில் றிச்சட்சன் பதூக்காவுக்குச் சென்று தொழிலாளரிடம் மன்னிப்புக் கோரினார். 2000 ஒக்டோபர் 30இல் சனாதிபதி கிளின்ரன் நட்டஈட்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டார். கதிர்வீச்சினால் வந்த புற்றுநோய், பெரிலியத் தூசினால் வந்த நுரையீரல் நோய், சிலிக்காத் தூசினால் வந்த நோய் ஆகியவற்றுக்கு 150,000 டொலரும் மருத்துவச் செலவும் கொடுக்கப்படும் என்பது அச்சட்டத்தின் முதன்மையான ஏற்பாடு. தொழிலாளர் இறந்திருப்பின் அவருடைய துணைவருக்கும் மக்களுக்கும் அத்தொகை உரியதாகும். 2001 யூலை தொடக்கம் இன்றுவரை இத்திட்டத்தின்கீழ்ச் செலவான தொகை மருத்துவச் செலவையுஞ் சேர்த்து 25 பில்லியன் டொலருக்கு மேற்பட்டது.

சட்டத்தை இயற்றியோர் ஒரு பொறுப்பையும் ஒரே கையிற் கொடுக்கவில்லை. தொழிலாளர் எங்கு, எவ்வளவு காலம் வேலை செய்தார், அவர் ஏற்ற கதிர்வீச்சு எவ்வளவெனப் பதிவாயிற்று என்னும் சான்றுகளை அளிப்பது சக்தித் திணைக்களம். அச்சான்றுகளைக் கொண்டு கதிர்வீச்சின் அளவைக் கணிப்பது சுகாதாரத் திணைக்களத்தின்கீழ் உள்ள தேசிய தொழிற்பாதுகாப்பு சுகாதார ஆய்வு நிறுவனம். தீர்ப்பளித்துப் பணங் கொடுப்பது தொழிற்றிணைக்களம். ஆயுதஞ் செய்தவர் கையில் அளவுகோலைக் கொடாமை முதலாவது காவல் எனலாம்.

இனி, அக்கணிப்பு யாதென அறிந்தாலன்றி அதைக் கண்காணித்தலின் அருமை புலப்படாது. புற்றுநோய் எதனால் வந்ததென்பதைக் காட்டும் முத்திரை நோயாளியின் உடலில் இல்லை. கதிர்வீச்சினால் வந்த கட்டியும் இயற்கையாய் வந்த கட்டியும் பெரும்பாலும் ஒரே தோற்றத்தன. ஆகவே அறிவியலார் நிகழ்தகவின் துணையை நாடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தொழிலாளர் கூட்டத்தில் கதிர்வீச்சு இல்லாதிருப்பினும் 100 பேருக்கு ஒரு புற்றுநோய் வந்தேயிருக்கும் என்றும், கதிர்வீச்சினால் மேலும் 60 பேருக்கு வந்தது என்றும் கொள்வோம். நோயுற்ற 160 பேருள் அந்த அறுபதின்மர் யாவர் என்பதை எந்த மருத்துவரும் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொருவரைப் பற்றியும் கூறக்கூடியது, அவர் நோய் கதிர்வீச்சினால் வந்ததற்கான நிகழ்தகவு 160இல் 60, அதாவது 37.5 சதவீதம் என்பதே. இந்நிகழ்தகவு 50 சதவீதமாயின் நட்டஈடு உண்டு. அதற்குக் குறைந்தால் இல்லை. கதிர்வீச்சு நோயின் வரவை இருமடங்காக்கியிருத்தல் வேண்டும் என்பது இதன் பொருள்.

கேட்போருக்கு இது கடுமையாய்த் தோன்றும். ஆயினும் சட்டம் தொழிலாளர் பக்கம் சாய்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்துள்ளது. கணிப்பில் ஐயம் நிறைந்திருத்தலால், விடை ஓரெண்ணாக வாராது, ஒரு பரப்பாகவே வரும். அப்பரப்பின் நடுவெண்ணைக் கொள்ளாது, உண்மை இதனை விஞ்சுதல் நூற்றிலொரு பங்கே கூடும் எனத்தக்க 99 சதவீத மேலெல்லையைக் கொள்ள வேண்டும் என்பது விதி. அம்மேலெல்லை 50ஐத் தொட்டாற் போதும். இவ்வளவு சலுகையிருந்தும் கணிக்கப்பட்ட கோரிக்கைகளுட் பெரும்பாலானவை 50ஐ எட்டவில்லை. 49 பெற்றவருக்கு ஒன்றுமில்லை, 50 பெற்றவருக்கு முழுத்தொகை என்னும் இச்செங்குத்து, ஆராயத்தக்கது. பிரித்தானியாவில் 1982 தொடக்கம் அணுத்தொழில் நிறுவனத்தாரும் தொழிற்சங்கத்தாரும் ஒருங்கு நடாத்தும் திட்டத்தில் படிமுறை கையாளப்படுகின்றது: 20 சதவீதத்தை எட்டினோருக்குக் காற்பங்கு, 30ஐ எட்டினோருக்கு அரைப்பங்கு, 40ஐ எட்டினோருக்கு முக்காற்பங்கு, 50ஐ எட்டினோருக்கு முழுப்பங்கு. ஐயமுள்ள இடத்தில் ஐயத்துக்கேற்ப அளத்தலே நேர்மைக்கு அணித்தானது என்பது எம் கருத்து.

நிற்க. நிகழ்தகவைக் கணித்தற்கு, உடல் ஏற்ற கதிர்வீச்சின் அளவு தெரிதல் வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஏற்ற அளவை இன்று அறிவது எங்ஙனம்? சட்டையிற் குத்தியிருந்த படச்சுருட் பட்டையின் பதிவு, சிறுநீர்ச் சோதனையின் பதிவு, தொழிற்சாலைக் காற்றின் தூசியளவு ஆகியன கிடைப்பின் அவற்றைக் கொள்வர். கிடையாவிடின், உடன் உழைத்த பிறர் பதிவுகளைக் கொண்டோ, அத்தொழிற்சாலையின் வரலாற்றைத் தொகுத்த ஏட்டைக் கொண்டோ ஊகிப்பர். பதிவு உள்ளபோதும் அது முழு உண்மையைக் கூறும் என்பதற்கில்லை. முற்காலத்தில் நியூத்திரன்களை அளக்கப் பயன்பட்ட படச்சுருள் விரைவு மிக்க நியூத்திரன்களையே காட்டும். விரைவு குறைந்தவை அதில் தடம் பதியா. பதிவேட்டிற் பூச்சியம் என்றிருப்பின், கதிர்வீச்சு இல்லை என்பதா, அளக்கவில்லை என்பதா, அளந்த கருவி காணவில்லை என்பதா? மூன்றும் ஒரே பூச்சியமாகவே எழுதப்பட்டுள்ளன.

வேலையை விரைவாக்கும் பொருட்டு ஆய்வு நிறுவனம் கையாளும் ஒரு முறை பெரும் மயக்கத்தை விளைவித்தது. எவ்வளவு கூட்டிக் கணித்தாலும் 50ஐ எட்டாதென ஒரு கோரிக்கையிற் புலப்படின், அளவை வேண்டுமென்றே மிகைப்படுத்திக் கணித்து, எட்டவில்லை எனக் காட்டி முடித்துவிடுவர். பின்னர் அத்தொழிலாளருக்கு இரண்டாவது புற்றுநோய் வருமாயின் நுணுகிக் கணிக்க நேரும். அப்போது கதிர்வீச்சின் அளவு முன்னையதினுங் குறைந்து நிற்கும். நோய் ஒன்று இரண்டாயிற்று, கதிர்வீச்சோ குறைந்துவிட்டது! கணிதத்தில் இதிற் பிழையில்லை. எனினும் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் நோயாளி இதனை வஞ்சனை என்றன்றி வேறெவ்வாறு எண்ணுவார்? கணிப்பு சரியாயிருத்தல் மாத்திரம் போதாது, அது சரியென்பதைப் புறத்தேயுள்ள ஒருவர் சோதித்துக் கூறுதலும் வேண்டும் என்பது இத்தகைய இடங்களிலேதான் விளங்கும்.

அவ்வாறு சோதிப்பதற்கே சட்டம் கதிர்வீச்சு, தொழிலாளர் சுகாதார ஆலோசனைச் சபை என ஒன்றை ஏற்படுத்தியது. சனாதிபதி நியமிக்கும் இச்சபையில் இருபதுக்கு மேற்படாத உறுப்பினர் இருப்பர். அறிவியலார், மருத்துவர், தொழிலாளர் ஆகிய முத்திறத்தாரும் அதில் இடம்பெறல் வேண்டும். 2002இல் இது தன் முதற்கூட்டத்தைக் கூட்டிற்று. முடிந்த கணிப்புகளிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து அவற்றின் அறிவியற் செம்மையை ஆராய்தல் இதன் தலையாய கடன். ஆய்வு நிறுவனத்தின் கணக்கரை நம்பியிராது, தனக்கெனத் தனியே ஒரு தொழினுட்ப நிறுவனத்தைச் சபை துணைக்கொண்டது. விடையை முன்னர்க் காணாது, மூலப்பதிவுகளை மாத்திரம் கொண்டு அத்துணைவர் தாமே முழுவதையும் மறுபடி கணித்து, பின்னர் இரு விடைகளையும் ஒப்புநோக்கும் வழக்கமும் உண்டு. மேற்பார்வை என்னும் சொல்லுக்கு இதனிலும் நல்ல பொருள் காண்டல் அரிது. சபையின் கூட்டங்கள் திறந்த கூட்டங்கள். பல, தொழிற்சாலைகளை அடுத்த ஊர்களிலேயே நடைபெற்றன. முதிய தொழிலாளரும் கைம்பெண்டிரும் ஒலிவாங்கியின் முன் நின்று கூறியவை எழுத்துப்படியாய் வெளியிடப்பட்டுள்ளன. ஏட்டில் இல்லாத விபத்துக்கள் பல இவ்வாறு வாய்மொழியாகவே வெளிவந்தன.

சபையின் மற்றொரு கடன் இதனினும் விளைவு மிக்கது. அளவைக் கணிக்கவே இயலாத இடத்தில் என் செய்வது? ஏட்டை அழித்தவனே, ஏடில்லாமையை எடுத்துக்காட்டித் தப்பிக்க இடங்கொடுக்கலாகாதன்றோ? இதற்காகச் சட்டம் விசேட தொகுதி என ஒன்றை வகுத்தது. போதிய திருத்தத்துடன் கணித்தல் இயலாது, கதிர்வீச்சு உடல்நலத்துக்குக் கேடு செய்திருத்தல் கூடும் என்னும் இரண்டும் நிறுவப்படின், அத்தொழிற்சாலையில் அக்காலத்தே குறைந்தது 250 வேலைநாள் உழைத்து, குறிப்பிட்ட 22 வகைப் புற்றுநோய்களுள் ஒன்றுக்காளானோர் அனைவருக்கும் கணிப்பின்றியே நட்டஈடு உண்டு. பதூக்கா, ஒகையோ மாநிலத்துப் போட்ஸ்மத், ரெனசி மாநிலத்து ஓக் றிட்ஜ் ஆகிய மூன்று யுரேனியச் செறிவாக்கத் தொழிற்சாலைகளையும், அலஸ்காவின் அம்சிற்காத் தீவில் நிகழ்ந்த அணுவெடிச் சோதனையில் ஈடுபட்டோரையும் சட்டமே இத்தொகுதியிற் சேர்த்தது. ஏனையோர் மனுச் செய்தல் வேண்டும். ஆய்வு நிறுவனம் ஆராயும். ஆலோசனைச் சபை பரிந்துரைக்கும். சுகாதாரச் செயலாளர் முடிவு செய்வார். காங்கிரசு 30 நாளுள் தடுத்தாலன்றி அம்முடிவு நிலைபெறும்.

இவ்வழியால் முதன்முதற் பயன் பெற்றோருள் சென் லூயிஸ் நகரத்து மலின்குறொட் தொழிற்சாலையினர் ஒருவர். 1942 டிசெம்பரில் சிக்காகோவில் முதலாவது அணுத்தொடர்வினை நிகழ்வதற்கு வேண்டிய யுரேனியத்தைத் தூய்மை செய்து கொடுத்தவர் இவரே. வரலாற்று நூல்கள் விஞ்ஞானிகளைப் புகழ்ந்தன. தூசிக்குள் நின்றோரை 2005ஆம் ஆண்டிலேதான் அரசாங்கம் விசேட தொகுதியினராய் ஏற்றது. கொலறாடோ மாநிலத்துத் தென்வர் நகருக்கருகே புளுத்தோனிய உறுப்புக்களைச் செய்த றொக்கி பிளற்ஸ் தொழிலாளரின் வரலாறு இன்னும் நெடியது. அவர்தம் சங்கம் 2005இல் மனுச் செய்தது. 2007இல் ஒரு பகுதியினருக்கே, அதாவது நியூத்திரன் அளவை சரிவரப் பெறப்படாத 1966 வரையிலான காலத்தினருக்கே, இணக்கம் கிடைத்தது. தோரியம் முதலிய வேறு பொருள்களும் அங்குக் கையாளப்பட்டமை ஆராயப்பட்ட பின்னரே அது 1983 ஈறாக விரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மனுதாரர் பலர் இறந்தனர்.

இவ்வேற்பாட்டிலும் ஒரு முரண் உண்டு. 22 வகைகளுள் சுக்கியன் சுரப்பிப் புற்றுநோய் இல்லை, தோற்புற்றுநோயும் இல்லை. அவற்றுக்காளான தொழிலாளருக்குப் பழைய கணிப்பு முறையே கதி. அளவைக் கணிக்க இயலாதென அரசாங்கமே அறிவித்த பின்னர், கணிக்கக்கூடிய பகுதியை மாத்திரம் கணித்து அவருக்கு விடை கூறுவர். ஒரே மேசையில் உழைத்த இருவருள் ஒருவருக்கு முழுத்தொகையும் மற்றவருக்குச் சதவீதக் கணக்குமாக முடிதல் இதனாலேயே.

மேற்பார்வை செய்வோரை மேற்பார்வை செய்பவர் யார் என்பது அடுத்த வினா. தொழிற்சாலை வரலாற்று ஏடுகளை எழுதியோருட் சிலர், அதே தொழிற்சாலைகளில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் என்பது வெளிப்பட்டபோது பெருங் கண்டனம் எழுந்தது. வேலியே பயிரை மேய்ந்ததென்று இதனைத் துணிந்து கூறிவிடல் இயலாது; அத்தொழிலை அறிந்தோர் பிறர் அரியர் என்பதும் உண்மை. ஆயினும் தான் வைத்த பதிவேடு செம்மையானதென்று தானே சான்று கூறுதல் சான்றாகாது. இக்கண்டனத்தின் பின், இன்னார் இன்ன தொழிற்சாலையோடு தொடர்புடையார் என்பதை வெளியிடும் விதிகள் இறுக்கப்பட்டன.

2006ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதனிலும் பாரதூரமானது. வெள்ளைமாளிகையின் வரவுசெலவுத்திட்ட அலுவலகம், நட்டஈட்டுச் செலவு பெருகுதலைத் தடுத்தற்கான வழிகளைக் குறித்துத் தொழிற்றிணைக்களத்துக்கு அனுப்பிய ஒரு குறிப்பு வெளியாயிற்று. விசேட தொகுதி முடிவுகளை வெள்ளைமாளிகையின் இசைவுக்கு உட்படுத்தல், ஆலோசனைச் சபையின் உறுப்பினரிடையே சமநிலையின்மை உளதாயின் அதனைத் திருத்தல், சபையின் துணை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தல் ஆகியன அவ்வழிகளுட் சில. சமநிலை என்னும் சொல் நல்ல சொல்லே. அது செலவுக் குறைப்பின்கீழ் எழுதப்பட்டமையே ஐயத்தை எழுப்பிற்று. கீழ்ச்சபையின் நீதித்துறைக் குழுவைச் சார்ந்த உபகுழுவொன்று ஜோன் ஹொஸ்டெற்லர் தலைமையில் இதனைப் பகிரங்கமாக விசாரித்தது. அவர் சனாதிபதியின் கட்சியையே சேர்ந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. நிறைவேற்றுத்துறையின் கையிலிருந்து சபையின் சுதந்திரத்தைக் காத்தற்கு அன்று சட்டமன்றமே முன்வந்தது.

இதுகாறும் கூறியது கதிர்வீச்சுக்குரிய பகுதி. நச்சுப்பொருள்களால் நோயுற்றோருக்கான பகுதியில் நிலைமை வேறு. முதலில் அதனைச் சக்தித் திணைக்களத்திடமே ஒப்படைத்திருந்தனர். விளைவு யாதெனின், 2003 முடிவு வரை வந்த 23,000க்கு மேற்பட்ட கோரிக்கைகளுள் ஏறத்தாழ 6 சதவீதமே முடிவுற்றன எனக் காங்கிரசின் கணக்காய்வு நிறுவனமாகிய பொறுப்புக்கூறல் அலுவலகம் 2004இல் அறிக்கையிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் காங்கிரசு அப்பகுதியைச் சக்தித் திணைக்களத்திடமிருந்து பறித்துத் தொழிற்றிணைக்களத்திடம் கொடுத்து, 250,000 டொலர் வரை நட்டஈட்டையும் ஏற்படுத்தியது. ஒரு கணக்காய்வறிக்கை தன் பயனை இத்துணை விரைவிற் கண்டது அரிதினும் அரிது.

அச்சட்டமே குறைகேள் அதிகாரி என்னும் பதவியையும் உண்டாக்கியது. எல்லாளன் தன் படுக்கையின் தலைப்பக்கத்தே மணியொன்றைக் கட்டி, முறைவேண்டுவோர் இழுத்தற்கு அதன் கயிற்றை வெளியே விட்டிருந்தான் என மகாவமிசம் கூறும். குறைகேள் அதிகாரியும் அத்தகைய மணியே; ஆனால் மணியொலி கேட்டு எழுந்து வருவதற்கு அரசன் இல்லை. அவர் குறைகளைக் கேட்பார், வழிகாட்டுவார், ஆண்டுதோறும் காங்கிரசுக்கு அறிக்கையிடுவார். தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அவருக்கில்லை. எந்தக் கட்டடத்தில் எந்தப் பொருளைக் கணவர் கையாண்டார் எனக் கேட்கப்படும் கைம்பெண், அவர் அதனை வீட்டில் ஒருபோதும் உரைத்ததில்லை என விடைகூறி நிற்கும் நிலையை அவ்வறிக்கைகளிற் காணலாம்.

இப்பகுதிக்கு ஆலோசனைச் சபை போன்றதொரு சுதந்திரமான மேற்பார்வை இல்லையென்பதைப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2010இற் சுட்டிக்காட்டியது. எந்தத் தொழிற்சாலையில் எந்த நச்சுப்பொருள் இருந்தது, அது எந்நோயைத் தரும் என்னும் தொடர்புகளைக் கொண்ட தகவற்றொகுதியை வைத்தே தொழிற்றிணைக்களம் முடிவு செய்தது. தொகுதியில் இல்லாத தொடர்பைத் தொழிலாளர் தாமே நிறுவுதல் வேண்டியதாயிற்று. 2013இல் தேசிய விஞ்ஞானக் கழகங்களைச் சார்ந்த மருத்துவ நிறுவனம் அத்தொகுதியின் குறைபாடுகளை ஆராய்ந்து வெளியிட்டது. 2014 டிசெம்பரில் நச்சுப்பொருள் ஆலோசனைச் சபைக்குச் சட்டம் பிறந்தது. 2016இல் அது முதன்முறை கூடியது. குறை கண்டதற்கும் காவல் அமைந்ததற்குமிடையே ஆறாண்டு கழிந்தமை காண்க.

கணிப்பே வேண்டாமென்று கோடு கிழித்துக் கொடுத்தல் எளிதன்றோ எனச் சிலர் வினவக்கூடும். 1990ஆம் ஆண்டின் கதிர்வீச்சு நட்டஈட்டுச் சட்டம் அவ்வகையது. யுரேனியச் சுரங்கத் தொழிலாளருக்கு 100,000 டொலர், வெடிச்சோதனைக் களத்தில் நின்றோருக்கு 75,000, காற்றுவழியே கதிர்த்தூசி வீழ்ந்த மாவட்டங்களில் வாழ்ந்தோருக்கு 50,000 என அது நிறுத்தது. இங்கே மேற்பார்வைக்கு வேலை குறைவு. ஆனால் அநீதி கோட்டிலேயே புகுந்துவிடும். 1945 யூலை 16இல் உலகின் முதலாவது அணுக்குண்டு நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் வெடிக்கப்பட்டது. அம்மாநிலத்து மக்களோ கோட்டுக்கு வெளியே விடப்பட்டனர். நவகோ மக்களிடையே, தம் குல வழக்கப்படி மணந்து பதிவுச் சான்றில்லாத சுரங்கத் தொழிலாளரின் மனைவியர், தாம் மனைவியரென நிறுவுதற்கே பெரிதும் இடர்ப்பட்டனர். அச்சட்டம் 2024 யூனில் காலாவதியாயிற்று.

2025ஆம் ஆண்டு இரு செய்திகளை ஒருங்கே கொணர்ந்தது. ஏப்பிரில் மாதத்தில், கணிப்பைச் செய்யும் ஆய்வு நிறுவனத்தின் ஊழியருட் பெரும்பகுதியினருக்குப் பணிநீக்க அறிவித்தல் விடுக்கப்பட்டது. யூலை மாதத்தில், காலாவதியான 1990ஆம் ஆண்டுச் சட்டம் உயிர்ப்பிக்கப்பட்டது; நட்டஈடு 100,000 டொலராய் ஒருதரப்படுத்தப்பட்டது; நியூ மெக்சிக்கோ மக்கள் எண்பதாண்டு கழிந்து கோட்டுக்குள் வந்தனர். 1971ஆம் ஆண்டோடு நின்ற யுரேனியத் தொழிலாளரின் கால எல்லை 1990 முடிவு வரை நீண்டது. விண்ணப்பங்களைச் சமர்ப்பித்தற்குக் குறிக்கப்பட்ட இறுதிநாள் 2027 டிசெம்பர் 31.